வெந்நீர்க் காட்சி

அடுப்பை அணைக்கப் பறந்து வந்த இயந்திரத்தைப் பார்த்ததும் ரங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகிர்தாவின் படம் அந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டது.

சுகிர்தா ஆவணப்பட இயக்குநர். மார்த்தாண்டத்துக்காரி, இருப்பது சென்னையில். கோவைக்கு மேற்கே மலைச்சரிவில் இருக்கும் வேங்கைப்பதி என்ற இருளர் குடியிருப்பில் நடக்கும் ஓர் அநியாயத்தைப் படமெடுக்க வந்திருந்தாள். அந்த ஊரில் யாரும் அடுப்பு எரிக்கக்கூடாது. எரித்தால் புகையை மோப்பம் பிடித்து ஓர் இயந்திரம் வானத்திலிருந்து இறங்கும். வாசலில் நின்று தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கும். பிறகு எலுமிச்சை மணக்கும் வெள்ளை நுரையை அடுப்பின் மேல் துப்பிவிட்டுப் பறந்துபோகும். ஊரார் அதற்கு நுரைக்காக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படப்பதிவுக்காக அன்று அந்த ஊர்க்காரி ரங்கி தன் வீட்டு அடுப்பை மூட்டினாள். நுரைக்காக்கா வந்தது, துப்பியது, போனது. ரங்கி தலைமேல் கைவைத்து உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பிடரியில் ஒட்டியிருந்த பதிவுப்பட்டையைக் கழற்றி சுகிர்தா தன் பிடரியில் ஒட்டிப் பார்த்தபோது, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்க மூக்கு வழியாக வெளியே வந்தது.

"ரங்கிக்கா, நீங்க சிரிச்சிருக்கீங்க."

"மூஞ்சிய நல்லாத்தான வெச்சிருந்தேன், அம்மிணி?"

"மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது மூஞ்சியப் பிடிக்கிற கேமரா இல்லக்கா. மெய்ப்படம். உங்க ஒடம்புல என்ன ஓடுதோ அது அப்படியே பதிவாகும். படம் பார்க்கிறவங்களும் இதே மாதிரி பட்டைய ஒட்டிக்கிட்டு உக்காருவாங்க. உங்களுக்குக் குளிர்னா அவங்களுக்கும் குளிரும். உங்களுக்குச் சிரிப்பு வந்தா அவங்களும் சிரிச்சிருவாங்க."

"அதுக்கு நா என்னங் பண்றது. அது தலையச் சாச்சுப் பாக்கறப்ப அச்சு அசலா எங்க கொழுந்தனாருங்."

சுகிர்தாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, ரங்கிக்குக் கோபம் மூட்டிப் பார்த்தாள். "நெனைச்சுப் பாருங்கக்கா. எங்கேயோ வடக்க ஒரு நாட்டுல ஒரு கம்பெனி. அவங்க ஆலைப் புகையைக் குறைக்க மாட்டாங்களாம். அதுக்குப் பதிலா இந்தக் காட்டோட மூச்சை வாங்கிட்டாங்களாம். நாப்பது வருஷத்துக்கு."

"அவிய அங்க வுடற பொகைக்கு ஈடா இங்க எங்க பொகைய நிறுத்தோணும். அதானுங்க? கரண்டு அடுப்புன்னு ஒண்ணக் குடுத்தாங்க. வெயிலடிச்சா எரியும். மழைக்காலத்துல, எப்ப வேணுமோ அப்ப எரியாது. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கததான அம்மிணி. தெனமும் கோவப்பட்டுட்டே இருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?"

அந்தக் கோபமும் பதிவாகவில்லை. முட்டியில் கொசு கடித்த அரிப்பும், மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்ற யோசனையும்தான் பதிவாகியிருந்தன.

தயாரிப்பாளர் ஜெயதேவ் சென்னையிலிருந்து பேசினான். பதிவுகளை அவனும் ஒட்டிப் பார்த்திருந்தான்.

"சுகி, எனக்கு முட்டி அரிக்குது. இதை வச்சு எந்த விழாவுக்குப் போறது?"

"அவங்க அப்படித்தான் இருக்காங்க, ஜெய். அழுது வடியற ஆள் இல்ல."

"எல்லாருக்குள்ளயும் ஒண்ணு இருக்கும். நீ கேக்கல, அதான். கேளு."

சுகிர்தா கேட்டாள். கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்தப் படம் உலகத்தை உலுக்கினால் அடுப்பு திரும்பக் கிடைக்கும் என்று நம்பினாள். ரங்கியும் அதை நம்பித்தான் சம்மதித்தாள். பட்டையை ஒட்டிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"என்ற ஊட்டுக்காரரு மருதன். போன வருச மழைல காச்சல் வந்து படுத்தாரு. ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது. வேற ஒண்ணும் கேக்கல மனுசன். வெந்நி கேட்டாரு, ஒரு டம்ளரு. கரண்டு அடுப்பு செத்துக் கெடக்குது. பாலம் முங்கிப்போச்சு, கீழ எறங்க வழியில்ல. சுள்ளிய மூட்டுனேன். நுரைக்காக்கா வந்துருச்சு. போனப்பறம் மறுக்கா மூட்டுனேன். மறுக்கா வந்துருச்சு. கட்டிலுக்கு அடில வெச்சு, போர்வையால மறைச்சு மூட்டுனேன். போர்வ மேலயே துப்பிட்டுப் போச்சு. அவரு என்னயப் பாத்து, 'வுடு புள்ள, அது என்னயக் குளிப்பாட்டாம போகாது'ன்னு சிரிச்சாரு. காத்தால பாத்தா ஒடம்பு சில்லுன்னு கெடக்குது."

அன்று பதிவானதை சுகிர்தா ஒட்டிப் பார்த்தாள். பாதியில் பட்டையைப் பிய்த்தெடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். 

ஜெயதேவ் முழுவதையும் ஒட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் படம்" என்றான்.

படத்தை வடகடலோரத்து நகரம் ஒன்றில் நடந்த பெரிய விழாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ரங்கியையும் அழைத்திருந்தார்கள். விமானத்தில் அவள் பக்கத்து இருக்கைக்காரரின் தூக்க மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இறங்கும்வரை சுகிர்தாவின் தோளில் குறட்டைவிட்டாள். அவளுக்கு விடுதியறையில் எல்லாம் பிடித்திருந்தது. ஒரு குறைதான். அந்த நகரத்தில் எங்கேயும் தீ இல்லை. வீட்டுக்குள் நெருப்பு வைப்பது அங்கே சட்டப்படி நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சுவரும் தரையும் தாமாகவே சூடாக இருந்தன. உணவகங்களின் மேசைகளில் மெழுகுவத்தி மாதிரி ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். ரங்கி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், சீக்காளி நெருப்பு" என்றாள்.

படம் ஓடியது. அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும், கதகதப்பான இருக்கைகளில், வேங்கைப்பதியின் மழைக்குளிரில் வெடவெடவென்று நடுங்கினார்கள். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் விசும்பினார்கள். ரங்கியும் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே திசையில் விரைந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் பெரிய பாத்திரங்களில் ஆவி பறக்கும் சூப் வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்கள். முகங்களில் ஒரு தெளிவு வந்தது. நல்ல மழையில் நனைந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்களைப் போல இருந்தார்கள்.

அங்கேதான் லிண்ட் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். காட்டின் மூச்சை வாங்கிய கம்பெனியின் தலைவர் அவரேதான். விழாவுக்கு ஆதரவாளரும் அவர்களே. உயரமான, மெலிந்த மனிதர். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. இருவர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது.

"அம்மா, உங்கள் கணவரின் மரணத்தை நான் என் உடம்பில் உணர்ந்தேன்."

"அப்படீங்களா. பொறவுங்?"

"பிறகு..." லிண்ட் யோசித்தார். பொய் சொல்லும் ஆளாக அவர் தெரியவில்லை. "பிறகு விளக்கு எரிந்தது. மனசு லேசாகிவிட்டது. பல வருஷமாக இப்படி அழுததில்லை. உங்களுக்கு நன்றி."

"அடுப்பு?"

"அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் ஒருவன் நினைத்து மாற்ற முடியாது. ஆனால் இந்தப் படத்தை எங்கள் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் காட்டப்போகிறோம். ஒவ்வொரு வருஷமும்."

காட்டவும் செய்தார்கள். அவர்கள் மட்டும் அல்ல. பள்ளிகளில் காட்டினார்கள், தேவாலயங்களில் காட்டினார்கள். மன இறுக்கம் தளர நல்லது என்று மருத்துவர்கள்கூடப் பரிந்துரைத்தார்கள். சுகிர்தாவுக்குப் பரிசுகள் வந்தன. வேங்கைப்பதிக்கு அதே நுரைக்காக்காதான் வந்தது.

பரிசுகள் ஓய்ந்த பிறகு சுகிர்தா வேங்கைப்பதிக்குப் போனாள். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனாள். ரங்கி திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரங்கி பலாப்பழம் உரித்துக்கொடுத்தாள்.

"எனக்கு இப்பல்லாம் அழுகையே வரமாட்டேங்குது, அம்மிணி."

"நல்லதுதானேக்கா."

"இல்லீங்க. முன்னால மருதன நெனச்சா நெஞ்ச அடைக்கும். அழுதா கொஞ்சம் எறங்கும். இப்ப அவர நெனச்சா அந்த ஹாலுதான் வருது. ஆளாளுக்கு சூப்பு குடிக்கறதுதான் தெரியுது. என்ற அழுகைய அவியளே அழுது தீத்துட்டாங்க. எனக்குன்னு ஒண்ணும் வெக்கல."

சுகிர்தா பலாச்சுளையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள். ரங்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா கொட்டையத் துப்புங்க, தொண்டைல சிக்கிக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்தப் பட்டைல சந்தோசமும் பதியுமா?"

"பதியும்."

"அப்ப அதப் புடிங்க ஒருக்கா. அழுகையக் குடுத்தா அழுதுட்டுப் போயிட்டாங்க. சொகத்தக் குடுத்துப் பாப்போம். சொகத்துக்குத்தான் மனுசன் திரும்பத் திரும்ப வருவான்."

மலையடிவாரத்தில், கம்பெனியின் எல்லைக்கு வெளியே, ரங்கியின் தங்கை வெள்ளச்சி குடியிருந்தாள். மார்கழிக் காலையில் அங்கே போனார்கள். அக்காளும் தங்கையும் அடுப்பின் முன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்கள். ராகிக் களி கொதித்தது. தணலில் கருவாடு சுட்டார்கள். வெள்ளச்சியின் கணவன் பெண் பார்க்க வந்த அன்று வேட்டி அவிழ்ந்து நின்ற கதையை மறுபடி பேசிச் சிரித்தார்கள். சூடு உள்ளங்கை வழியாக ஏறியது. கண்ணில் கொஞ்சம் புகை, வாயில் எச்சில், முதுகில் குளிர், முகத்தில் தணலின் வெக்கை. அவ்வளவுதான். சுகிர்தா ஒரு வெட்டும் இல்லாமல், தலைப்புகூட வைக்காமல், அதைப் பொதுவில் வெளியிட்டாள்.

வடக்கு நகரங்கள் மயங்கிப்போயின. தரையிலிருந்து வரும் சூடு வேறு, தீயின் முன்னால் உட்கார்ந்து முன்பக்கம் வெந்து பின்பக்கம் விறைக்கும் சுகம் வேறு என்பது அங்கே பலருக்கு மறந்தே போயிருந்தது. வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை என்று பட்டையை ஒட்டிக்கொண்டார்கள். அந்த மாப்பிள்ளை யார், அவன் வேட்டி ஏன் அவிழ்ந்தது என்று தெரியாமலே ஒரு கண்டம் முழுக்கச் சிரித்தது. நீளமாக வேண்டும் என்று கேட்டார்கள். ஜெயதேவ் போனில் மூச்சுவிடாமல் பேசினான்.

கடைசியில் லிண்டே சுகிர்தாவின் திரையில் வந்து ரங்கியிடம் பேசினார். அவருடைய மகள் தினமும் பள்ளிக்குப் போகுமுன் ரங்கியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறாளாம். முழு நீளப் படத்தைத் தங்கள் கம்பெனியே எடுக்க விரும்புகிறது என்றார்.

"எடுக்கலாமுங்க. ஆனா என்ற ஊட்டு அடுப்புல எடுக்கோணும்."

"முன்பு உங்கள் தங்கை வீட்டில்தானே எடுத்தீர்கள்?"

"அது ஒரு நாள் விருந்துங்க. தெனமும் போய் உக்காந்தா தங்கச்சிக்கே மூஞ்சி மாறிரும். அந்த சங்கடமும் சேந்து பதியும். உங்க ஊர்க்காரங்களுக்கு அது எதுக்கு?"

லிண்ட் பக்கத்தில் இருந்த யாரிடமோ பேசினார். "சரி. உங்கள் அடுப்புக்கு மட்டும் விலக்கு தரலாம்."

"பக்கத்து ஊட்டுப் புள்ளைக ஆறுன கஞ்சி குடிக்கறப்ப நா மட்டும் சூடாக் குடிச்சா அதுல என்னங் சந்தோசம் வரும்? அந்தப் பட்டை பொய் சொல்லாதுன்னு இந்த அம்மிணிதான் சொன்னாங்க."

திரையில் லிண்ட் மறுபடி பக்கத்தில் திரும்பிப் பேச ஆரம்பித்தார். சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம் என்று பயம்.

ஒரு சாவுக்கு அசையாத ஒப்பந்தம் ஒரு படத்துக்கு அசைந்தது. அடுத்த பிறை தெரிவதற்குள் திருத்தம் வந்துவிட்டது. வேங்கைப்பதி முழுவதும் படப்பதிவுக் களம். பதிவு முடியும் வரை அங்கே எந்த அடுப்பையும் அணைக்கக்கூடாது. கம்பெனியின் வழக்கறிஞர் அதைப் படித்துக்காட்டியபோது சுகிர்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பதிவு முடிஞ்சிடுச்சுன்னு யார் சொல்லணும்?"

"நீங்கள்தான். அது எப்போதும் இயக்குநரின் உரிமை" என்றார் வழக்கறிஞர், இது தெரியாதா என்பதுபோல.

முதல் நாள் ரங்கி தன் வீட்டு அடுப்பை மூட்டினாள். நுரைக்காக்கா வந்தது. வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, அவள் பிடரியில் இருந்த பட்டையைப் பார்த்தது. எதுவும் செய்யாமல் திரும்பிப் போனது. வெளியே ஊரே கூச்சலிட்டது. ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை கிளம்பியது.

ரங்கி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மட்டும் வைத்தாள். அது சூடேறி, ஓரத்தில் சிறு குமிழிகள் விட்டு, தளதளவென்று கொதிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. சத்தம் முதலில் வரவில்லை. அப்புறம் வந்தது.

பதிவுக்கருவி சுகிர்தாவின் மடியில் இருந்தது. அதன் பச்சைக் கோடு மேலே மேலே ஏறியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கோட்டை அவள் பார்த்ததில்லை. இது வெளியே போனால் அந்த முதல் படத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் கருவியைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு எழுந்து ரங்கியின் பின்னால் போய்ப் பட்டையை மெதுவாகக் கழற்றினாள். பதிவானதை அழித்தாள். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் கழித்து ரங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் பதிஞ்சுதா, அம்மிணி?"

"இல்லக்கா. படம் இன்னும் ஆரம்பிக்கல."

ரங்கி அவளைக் கூர்ந்து பார்த்தாள். "எப்ப ஆரம்பிக்கும்?"

"கம்பெனிகிட்ட ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லியாச்சு. முடிஞ்சாச்சுன்னு சொல்றதுதான் பாக்கி. அத நான் சொல்றதா இல்ல."

அப்படியே நடந்தது. ஜெயதேவ் அழைக்கும்போதெல்லாம் சுகிர்தா, "இன்னும் ஒரு காட்சி பாக்கி இருக்கு, ஜெய்" என்பாள். என்ன காட்சி என்று கேட்டால், வெளிச்சம் சரியில்லை, மழை வரணும், வெள்ளச்சி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்று ஏதாவது சொல்வாள். ஜெயதேவ் முதலில் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு வேறு இயக்குநர்களைத் தேடிப் போனான். விழாக்காரர்கள் அவள் பெயரை மறந்தார்கள். ஒரு படத்தில் ஓகோவென்று வந்து அடுத்ததை முடிக்கத் தெரியாமல் முடங்கிவிட்டாள் என்று தொழிலில் பேசிக்கொண்டார்கள். ஒரு கல்லூரியில் படத்தொகுப்பு சொல்லிக்கொடுக்கப் போனாள். அங்கே பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'இன்னும் ஒரு காட்சி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதில் விழுந்தது. வலித்தது. லீவு நாட்களில் மலையேறி, ரங்கி வீட்டில் சுடச்சுடக் களி சாப்பிட்டுவிட்டு வருவாள்.

வேங்கைப்பதியில் பிடரியில் பட்டை இல்லாமல் யாரும் நடமாடுவதில்லை. அது படப்பதிவு நடக்கிறது என்பதற்கு அடையாளம் மட்டும்தான்; எந்தப் பட்டையிலும் மின்சாரம் கிடையாது. ஆட்டுக்கும் நாய்க்கும்கூட ஒட்டிவிட்டார்கள். நுரைக்காக்கா அவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகும்.

ஒரு ஐப்பசியில் சுகிர்தா போயிருந்தபோது, ரங்கியின் வீட்டில் புது ஆட்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு இருளர் பதியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் காட்டையும் வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது; அதுவும் இப்படி ஓர் அடுப்புப் படம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களில் வயதான பெண்மணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்களுக்கும் ஒரு டைரட்டரு கெடைப்பாங்களா, அம்மிணி? முடிக்கத் தெரியாதவங்களா இருந்தாத் தேவல."

சுகிர்தா வெளியே போய், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, தனக்குத் தெரிந்த இயக்குநர்களில் மிகவும் மெத்தனமானவன் என்று பெயரெடுத்த கதிர்வேலனை அழைத்தாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"பேரு கெட்டுப்போகும், கதிர். சொல்லிட்டேன்."

"எனக்கு ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கு. எப்ப வரணும்?"

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு பேர் வந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் அகத்தியமலையிலும் படப்பதிவுகள் தொடங்கிவிட்டன. தமிழில் இத்தனை ஆவணப்படங்கள் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்டதே இல்லை. ஒன்றுகூட இதுவரை வெளிவரவில்லை.